செவுளில் ஏழு சிவப்பு

பெயர் இல்லாத நிறத்தைக் கண்ணும் கவனிப்பதில்லை என்று எங்கோ படித்திருந்தேன். அது உண்மையா என்று பார்த்து, அதையே ஓவியமாக்க ஆசைப்பட்டேன். சின்ன அட்டைகளில் விதவிதமாகச் சிவப்பு பூசி எடுத்துக்கொண்டு காசிமேட்டுக்குப் போனேன். வாரம் தவறாமல் நான் மீன் வாங்கும் அக்கா, ஈரக்கையைப் புடவையில் துடைத்துவிட்டு அட்டைகளை வாங்கிப் பார்த்தார்.

“இன்னாம்மா, அல்லாம் செவுளு கலராகீது?” என்றவர், நான் கேட்காமலே பிரிக்கத் தொடங்கினார். “இது இப்பதான் போட்லேர்ந்து எறக்குனது. இது ஐஸ்ல ஒரு நாளு கெடந்தது. இது கொழம்புக்கு ஆவும், வறுக்க ஆவாது. இது கலீஜு. பூனகூட மோந்துட்டுப் பூடும்.”

ஏழு குவியல்கள் வந்தன. அவற்றில் இரண்டு என் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிந்தன. பதினைந்து வருடமாக வண்ணம் குழைப்பவள் நான். அட்டைகளைக் கலைத்துக் கொடுத்தேன். பேச்சை நிறுத்தாமல் மறுபடி அதே ஏழாகப் பிரித்தார்.

ஒரு சங்கரா மீனை வாங்கிவந்து, திருவொற்றியூரில் நான் படம் போடும் அறையில் தட்டில் வைத்தேன். தினமும் காலையும் மாலையும் செவுளைத் தூக்கிப் பார்த்து ஒவ்வொரு படமாக வரைந்தேன். நான்காம் நாள் அது சாம்பலும் பழுப்புமாகக் கூழாகி விரலில் ஒட்டியது. உள்ளே வெள்ளையாக ஏதோ நெளிந்தது. ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். திரும்பி வந்து, தட்டைப் பார்க்காமல், மனதிலிருந்து ஒரு மெரூன் நிறத்தைக் குழைத்து ஏழாவது படத்தை முடித்தேன். படங்களின் கீழே அக்கா சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதினேன்.

நகரத்தின் தென்கோடியில் ஒரு கூடத்தில் கண்காட்சி. அக்காவை வரச் சொல்லியிருந்தேன். பட்டுப்புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு வந்தார். கண்காட்சியை நடத்தியவர் மைக்கைப் பிடித்து, நான் எழுதியிருந்த வரிகளைப் படித்தார். சினிமாவில் ரவுடிக்கும் கோமாளிக்கும் கொடுப்பார்களே, அந்தக் குரலில். “கலீஜு” என்று இழுத்ததும் கூடம் முழுக்கச் சிரித்தது.

நானும் சிரித்தேன். ராயபுரத்தில் பிறந்து, அதே பாஷை பேசி வளர்ந்து, கல்லூரியில் கேலிக்குப் பயந்து அதை விட்டவள், சிரித்தேன்.

அக்கா என் பக்கம் திரும்பினார். “இன்னாத்துக்குச் சிரிக்கிறாங்கோ? நா தப்பா எதுனா சொல்லிகிறனா?”

“இல்லக்கா. உங்க பேச்சு அவங்களுக்குப் புடிச்சிருக்கு.”

அவர் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய், ஏழாவதன் முன் நின்றார். “இது கெட்ட மீனு இல்லியே. ஷோக்கா கீது. நா சொன்னத எழுதிட்டு வேற கலர வச்சிகிற.” அவ்வளவுதான். டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

மறுநாள் விழா வீடியோ கைப்பேசிக்கு வந்தது. அந்தச் சிரிப்பில் என் குரலைத் தனியாகக் கேட்க முடிந்தது. செவுளைத் தொட்ட அன்றுகூட அவ்வளவு குமட்டவில்லை. ஏழாவது படத்தை இறக்கிவிடச் சொன்னேன். ‘அதுதானே எல்லாருக்கும் பிடித்த படம்’ என்று நடத்தியவர் வருத்தப்பட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்து, இன்னொரு மீனை அழுகவிட்டு, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, பார்த்தது பார்த்தபடி மறுபடி வரைந்தேன். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது. யாரும் கேட்டு வாங்கப்போவதில்லை.

அதைச் சொல்லலாமென்று காசிமேட்டுக்குப் போனேன். “வாங்க மேடம். என்ன மீன் வேண்டும்?” என்றார் அக்கா. ஒவ்வோர் எழுத்தையும் பார்த்துப் பார்த்து உச்சரித்தார். பக்கத்துக் கடைக்காரம்மா வியப்போடு நிமிர்ந்து பார்த்தார்.

“அக்கா, எப்பவும் போல பேசுக்கா,” என்றேன்.

“இதுவே நல்லா இருக்கு மேடம்,” என்று சொல்லி, மீனின் செதிலைச் சீவத் தொடங்கினார்.