மொக்கம்மாள் களத்தில் செல்வின் சாமி

அருள்தந்தை செல்வின் இப்போது மதுரையில், மூத்த குருக்களுக்கான இல்லத்தில் இருக்கிறார். காப்பி அறைக்கே வந்துவிடும். செய்வதற்கென்று வேலை ஒன்றும் இல்லை. பார்க்க வருபவர்கள் எந்தப் பேச்சை எடுத்தாலும் அதைத் தேனிப் பக்கத்து வருசநாட்டில்தான் கொண்டுபோய் நிறுத்துவார்.

அங்கே பங்குத்தந்தையாகப் பல வருடம் இருந்தார். மலையடிவாரத்தில் ஓட்டுக்கூரைக் கோயில், ஒட்டினாற்போல் எட்டாம் வகுப்பு வரை ஒரு பள்ளி. கத்தோலிக்கக் குடும்பங்கள் கொஞ்சம்தான். படிக்க வந்தவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டத்து இந்து விவசாயிகளின் பிள்ளைகள். விடியுமுன் கோயில் மணியை அவரே அடிப்பார். பூசைக்கு ஏழெட்டுப் பேர் வருவார்கள். முடிந்ததும் அங்கியைக் கழற்றி மாட்டிவிட்டு, பிள்ளைகளை ஏற்றிவரப் பள்ளி வேனை எடுத்துக்கொண்டு மேட்டுத் தோட்டங்களுக்குக் கிளம்புவார். ஓட்டுநர் திருப்பூருக்குப் போனபின் வேறு ஆள் அமையவில்லை. குமரிக் கடற்கரையில் வளர்ந்தவருக்கு மலை வளைவுகள் பயமாகத்தான் இருந்தன. பின்னாலிருந்து பிள்ளைகள், "சாமி, இங்கன கல்லு கெடக்கு, மெதுவா" என்பார்கள். பகலில் கணக்குப் பாடம் எடுப்பார். மாலையில் பைக்கில் வீடு வீடாகப் போய்வருவார்.

ஒரு பங்குனியில், வேன் நிற்கும் இடத்தில் நதியாவைக் காணவில்லை. எட்டாம் வகுப்பு, கணக்கில் கெட்டிக்காரி. ஆண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் தொடர்ந்து வராமல் போகவே, ஒருநாள் மாலை வீட்டுக்கே போனார். களத்தில் இலவங்காய் குவிந்து கிடந்தது. தாய் மொக்கம்மாளும் நதியாவும் காயை உடைத்துப் பஞ்சை உருவிக்கொண்டிருந்தார்கள். நதியா தலையைத் தூக்கவே இல்லை.

"அவுக அப்பா கேரளாவுக்கு ஏலத் தோட்டத்துக்குப் போயிட்டாக சாமி. கோடை மழை விழுந்தா பஞ்செல்லாம் வீணாப் போயிரும். எனக்குக் கூடமாட ஆள் வேணும்ல" என்றாள் மொக்கம்மாள். "அவ படிச்சது போதும்."

அவர் வாதாடவில்லை. "காயை எப்படி உடைக்கணும், காட்டுங்கம்மா" என்று சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். மறுநாள் மாலையும் வந்தார், அதற்கடுத்த நாளும் வந்தார். பறந்த பஞ்சு மூக்கில் ஏறி ஒரே தும்மல். கண் சிவந்து நீர் வழிந்தது. துண்டால் துடைத்துக்கொண்டு அடுத்த காயை எடுப்பார். பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் வேலியோரம் வந்து நின்று பார்த்தார்கள்.

"ஊரே சிரிக்குது சாமி, எந்திரிங்க" என்றாள் மொக்கம்மாள். "நீங்க உடைக்கிற வேகத்துக்கு ஆடி வந்துரும்."

"சரி, ஆடி வரைக்கும் வர்றேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து ஓய்ந்தபின் இன்னும் இரண்டு காயை உடைத்துப் பஞ்சை உருவினாள். பிறகு மகளைப் பார்க்காமலே சொன்னாள்: "பகல்ல நான் ஒத்தையிலயே பாத்துக்கிறேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒத்தாச பண்ணட்டும். பரிச்சைய எழுதட்டும்."

வேலியோரம் நின்ற பெண்களில் இரண்டு பேர் உள்ளே வந்து, ஆளுக்கொரு குவியலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

மறுநாள் காலை நதியா வேனில் ஏறினாள். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். தேர்வு முடிந்து சில வாரம் கழித்து, மொக்கம்மாளே கோயில் வாசலுக்கு வந்து நின்றாள். "ஒன்பதாப்புக்கு எங்கன சேக்கணும் சாமி?"

நதியா இன்று தேனியில் நர்ஸ். போன மாதம் கணவன் கார்த்திக்ராஜோடு இல்லத்துக்கு வந்திருந்தாள். ஊரில் மூலவைகை ஆற்றில் தண்ணீர் ஓடுகிறதா என்று ஆரம்பித்தார் சாமி. யாருக்குக் கல்யாணம், யார் வீட்டை இடித்துக் கட்டினார்கள், யார் தவறிப்போனார்கள் என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். ஒவ்வொரு பெயருக்கும் அவர் கண்ணை மூடித் திறந்தார். சாப்பிடக் கூப்பிட்டு ஆள் வந்தது.

"நீங்க போங்க, வர்றேன்" என்று அந்த ஆளை அனுப்பிவிட்டு, நாற்காலியை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார்.