குழம்புக்குக் கொடுத்த விதைப்பூண்டு

நாயுடுபுரத்துத் தேவசேனா பன்னிரண்டு வருடமாக மலைக்கிராமங்களில் ரத்தம் எடுக்கிறாள். வெளிச்சமில்லாத வீட்டிலும் முதல் குத்திலேயே நரம்பைப் பிடித்துவிடுவாள். இந்த வருடம் மதுரையில் நடக்கும் ஓர் ஆய்வுக்காக அலைகிறாள். தற்கொலை எண்ணம் உள்ளவர்களின் ரத்தத்தில் சில புரதங்கள் கூடியிருக்கின்றனவா என்று பார்க்கும் ஆய்வு. முடிவு வர ஒரு வருடம் ஆகும். அதுவும் மொத்தக் கூட்டத்தைப் பற்றித்தான் சொல்லும். ஓர் ஆளைப் பற்றிச் சொல்லாது.

அன்று காலை வடகவுஞ்சியில் கடைசி ஆள் குழந்தைவேல். பூண்டு விவசாயி, தனிக்கட்டை. கேள்வித்தாளில் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்றார். கிளம்பும்போது ஒரு பையை நீட்டினார்.

“கொழம்புக்கு வச்சுக்கங்கம்மா.”

பஸ் ஹாரன் கேட்டது. வாங்கிக்கொண்டு ஓடினாள். பதினோரு மணிக்குள் ஐஸ் பெட்டி வத்தலக்குண்டில் நிற்கும் மதுரை ஆய்வு வண்டிக்குச் சேர வேண்டும். தவறினால் இருபது பேர் ரத்தமும் வீண்.

டிக்கெட் கிழித்த கண்டக்டர் ஜெயமுருகன் மூக்கை உறிஞ்சினார்.

“என்னக்கா, பொகை வாடை தூக்குது. விதைப்பூண்டா? நாயுடுபுரத்துல காடு வாங்கிட்டீங்களா?”

“கொழம்புக்குன்னு ஒருத்தர் கொடுத்தாரு தம்பி.”

“பரண்ல பொகை காட்டி வச்ச விதையவா? அடுத்த மாசம் நடவு கெடக்கு. எந்தக் கிறுக்கன் அவன்?”

தேவசேனா பையைப் பிரித்தாள். கரி படிந்த பூண்டு, வாய் வரைக்கும். நடவே வேண்டாம் என்று முடிவு செய்தவர்தான் இதைக் கொடுப்பார்.

தாளில் இருந்த குழந்தைவேல் எண்ணுக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தாள்.

“தம்பி, நிறுத்துங்க. இந்தப் பெட்டிய வண்டிக்காரர்ட்ட நீங்களே கொடுத்துருங்க. தெறந்துராதீங்க.”

அதுவரை அந்தப் பெட்டி அவள் கையை விட்டுப் போனதே இல்லை.

எதிரே வந்த காய்கறி வேனில் ஏறித் திரும்பினாள். குழந்தைவேல் வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினாள். இரண்டு கையாலும் தட்டினாள்.

கதவு பாதி திறந்தது. “என்னம்மா, திரும்பிட்டீங்க?”

பையைக் காட்டினாள். “விதைய ஏண்ணே கொடுத்தீங்க?”

“சும்மாதான்.”

‘உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்ததுண்டா’ என்றுதான் தாளில் இருந்தது. இப்போது அவள் அப்படிக் கேட்கவில்லை.

“செத்துப்போயிரலாம்னு இருக்கீங்களாண்ணே?”

குழந்தைவேல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். “இன்னைக்குன்னு இருந்தேம்மா.”

“டாக்டர் வர்ற வரைக்கும் நான் எங்கயும் போகல.” பக்கத்தில் உட்கார்ந்து ஆஸ்பத்திரி டாக்டருக்குப் போன் போட்டாள்.

“ஒங்க பெட்டி?”

“அது பஸ்ஸுல போகுது.”

பதினோரு மணிக்கு ஜெயமுருகன் அழைத்தார்.

“பெட்டி சேந்துருச்சுக்கா. அந்தக் கிறுக்கன்ட்ட ஏன் விதையக் கொடுத்தான்னு கேட்டீங்களா?”

“கேட்டேன் தம்பி,” என்றாள். “சொன்னாரு.”