எஸ்தர் ஒட்டிய டேப்

எஸ்தர் இறந்த செய்தியை எனக்குச் சொன்னது, முழங்கை வலியோடு வந்த, பனியன் கம்பெனியில் துணி சரிபார்க்கும் ஒரு செக்கிங் பெண். "உங்களுக்குத் தெரியாதுங்களா? காலையிலயே எங்க கம்பெனிக்கு போன் வந்துருச்சுங்களே" என்றாள். ஆஸ்பத்திரியில் ஒரே அறையில் ஆறு வருடம் அவரோடு பிசியோதெரபிஸ்டாக வேலை பார்த்த எனக்கு வராத போன். அழுகைக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது. அவரை அறிந்து இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களிடம் இதை மறைப்பானேன்?

படிப்பில் நான் அவரைவிட ஒரு படி மேல். முழங்கையின் வெளிப்புறத்தைப் பிடிக்கும் அந்த வலிக்குப் பெயர் டென்னிஸ் எல்போ. திருப்பூரில் அது வருவது கத்தரி பிடிப்பவர்களுக்கு. தசைக்குத் தாங்கலாக நான் புத்தகத்தில் உள்ளபடியே டேப் ஒட்டுவேன். ஆனாலும் வருகிறவர்கள், "எஸ்தரக்கா இல்லீங்களா? அவங்க வார வரைக்கும் உக்காந்துக்கறமுங்க" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எஸ்தர், டேப் ஒட்டிய கையில் கத்தரியைக் கொடுத்துப் பழைய துணியை வெட்டச் சொல்வார். வலித்தால் உரித்துவிட்டு, இடம் மாற்றிப் புதிதாக ஒட்டுவார். "டேப் வீணாகுதுங்களே" என்றேன் ஒருநாள். "டேப்பு போனா போட்டும், அவங்களுக்கு கை வேணும்லா?" என்றார் தூத்துக்குடிப் பேச்சில். இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று அன்று முழுக்கப் புழுங்கினேன்.

அவர் விடுப்பில் இருந்த ஒரு நாள், முதலிபாளையத்து பனியன் கம்பெனி முதலாளி ஒருவர் லட்டு டப்பாவோடு வந்தார். வலியால் வேலையை விடவிருந்த அவருடைய கட்டிங் மாஸ்டர் மறுபடி கத்தரி பிடிக்கிறாராம். "டேப் ஒட்டுனது யாருங்க?" என்று கேட்டார். எங்கள் ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரும் நின்றிருந்தார். "நான்தானுங்க" என்றேன். அடுத்த மாதம் பிரிவுப் பொறுப்பு எனக்கு வந்தது.

விஷயம் எஸ்தர் காதுக்குப் போனது. "மாஸ்டருக்கு இப்ப வலி இல்லல்லா?" என்று மட்டும் கேட்டார். அவர் சண்டை போட்டிருந்தால் நானும் போட்டு மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

பிறகு என் வலது முழங்கையிலேயே அந்த வலி வந்தது. இடது கையால் எவ்வளவு முயன்றும் சரியாக ஒட்ட வரவில்லை. தண்ணீர்ச் சொம்பைத் தூக்க முடியாமல் நின்றவளை எஸ்தர்தான் உட்காரவைத்து ஒட்டிவிட்டார். வலி குறைந்தது. அதற்கும் பொறாமைப்பட்டேன்.

அடக்கம் முடிந்ததும் அவர் மகள் என் கையைப் பிடித்தாள். "அம்மா நினைவா ஏதாவது எடுத்துக்கிடுங்க ஆன்ட்டி" என்றாள். ஒன்றும் வேண்டாம் கண்ணு என்று வந்துவிட்டேன். ஏற்கெனவே எடுத்துக்கொண்டதைச் சொல்ல அங்கே வாய் வரவில்லை. இங்கே, எல்லார் முன்னாலும், உன்னிடம் சொல்கிறேன் கண்ணு: அந்த மாஸ்டருக்கு டேப் ஒட்டியது உன் அம்மா. நான் உட்கார்ந்திருப்பது அவருடைய நாற்காலி.