கேஸ் பிடிக்க வந்த மூவர்

அவசரநிலைக் காலம் அது. ஊருக்குள் வந்து நின்று ஆபரேசன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆண்கள் எல்லாம் கொல்லைப்புறமாகக் காட்டுக்குள் இறங்கி மறைந்துவிடுவார்கள். அப்படிப்பட்ட நேரம் பார்த்துத்தான் நாங்கள் மூன்று நண்பர்கள், நாமக்கல்லில் நடக்கவிருந்த இலவசக் கண் சிகிச்சை முகாமுக்கு ஆள் சேர்க்க, சேலத்திலிருந்து சைக்கிளில் கிளம்பினோம். நாலைந்து நாள் ஊர் ஊராக மிதித்துக்கொண்டு போய், முகாம் தொடங்கும் நாளில் நாமக்கல்லில் இறங்குவது என்று ஏற்பாடு.

யோசனை வாத்தியாருடையது. பஞ்சாயத்துப் பள்ளியில் வேலை பார்த்த நண்பனை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். இன்னொருவர் பாய், சைக்கிள் கடை வைத்திருந்தவர். நான் லாரி புக்கிங் ஆபீசில் இருந்தேன். அங்கே உட்கார்ந்தவனுக்குச் சந்தேகம் தானாக வந்துவிடும். மூட்டையில் வெல்லம் என்பான், குத்தூசியால் குத்திப் பார்த்தால் வேறு ஏதோ இருக்கும். அதனால் வாத்தியார் இந்தப் பேச்சை எடுத்ததுமே எனக்கு உறுத்தியது. காற்றடிக்கும் பம்பைக்கூட இரவல் தராத மனுஷன், ஊரார் கண்ணுக்காக வெயிலில் சைக்கிள் மிதிக்கிறேன் என்கிறான். இவனுக்கு எங்கிருந்து வந்தது இவ்வளவு கரிசனம்?

காரணம் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேசனுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கச் சொல்லி வாத்தியார்களை அப்போது மேலே நெருக்கிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பெயர் கேஸ் பிடிப்பது. கேஸ் கொண்டுவராதவனைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவோம் என்று மிரட்டல் வேறு. கண் முகாம் என்று கூட்டிப்போய் அதே கூரையின் கீழ் கேஸையும் முடித்துவிட்டால் கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்? நான் கூடவே போனதற்குப் பாதிக் காரணம் வாத்தியாரைக் கண்காணிப்பதுதான்.

எங்களைப் பார்த்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். ஜலகண்டாபுரத்தில் ஒரு தெருவுக்குள் நுழைந்தபோது வரிசையாகத் தறிச் சத்தம் நின்றது. உள்ளே பெண்கள் மட்டும் இருந்தார்கள், ஆள் இல்லாத தறிக்குழியில் பாதி நெய்த வேட்டி கிடந்தது. சங்ககிரிப் பக்கம் எதிர்காற்றில் மிதித்து நாக்குத் தள்ளி ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். டீ குடித்து முடிப்பதற்குள் மூன்று சைக்கிளிலும் யாரோ காற்றைப் பிடுங்கிவிட்டார்கள். பாய் சலித்துக்கொள்ளாமல் பம்பை எடுத்தார்.

"நம்மளப் போகச் சொல்றானா, இங்கயே இருக்கச் சொல்றானா? காத்தப் புடுங்கிட்டா எப்பிடிப்பா போறது?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிடுங்கியவன் செய்தது சரிதானோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

புதுச்சத்திரத்துக்கு உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊர். அங்கேதான் அந்தப் புருசன் பெண்சாதியைப் பார்த்தோம். அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். அந்த வயதிலேயே இரண்டு கண்ணிலும் புரை முற்றிப் பால் ஊற்றியதுபோல் இருந்தது. வெளிச்சம் தெரியும், நிழல் தெரியும், அவ்வளவுதான். காடு, மாடு, கிணறு எல்லாம் பெண்சாதி தலையில். நாங்கள் போனபோது அந்த அம்மா மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிக்கொண்டிருந்தார். வாத்தியார் முகாமைப் பற்றிச் சொல்லி முடிக்கும்வரை அரிவாளைக் கீழே வைக்கவில்லை.

"கண்ணாலமாயி இத்தன வருசத்துல வவுத்துல ஒண்ணு தங்குலீங்க," என்றார். "இவர இட்டுக்கிட்டுப் போயி நீங்க அதையும் அறுத்து உட்டுட்டீங்கன்னா நான் அப்பறம் எந்தக் கோயலுக்குப் போறதுங்க?"

"ஏனுங்க, கண்ணுக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றான் வாத்தியார்.

"கண்ணக் கட்டிப் படுக்க வெச்சுட்டு நீங்க என்ன பண்றீங்கன்னு இவருக்கு எப்பிடிங்க தெரியும்?"

அந்தக் கேள்வி எனக்கு நியாயமாகப் பட்டது. வாத்தியாரின் முகத்தைப் பார்த்தேன். அவன் சைக்கிள் மணியைத் துடைத்தான். கட்டிலில் உட்கார்ந்திருந்த புருசன்தான் கடைசியில் வாயைத் திறந்தார்.

"ஆத்தாகிட்டப் பூக் கேட்டுப் பாத்துரலாம். உத்தரவு குடுத்தாப் போறேன். இல்லாட்டி உட்டுரு."

அந்தப் பக்கம் பூக் கேட்காமல் பெரிய காரியம் எதுவும் செய்யமாட்டார்கள். கேட்கிறவர் விடியற்காலம் குளித்து ஈர வேட்டியோடு போய், யாரிடமும் பேசாமல், கோயில் செடியிலிருந்து வெள்ளை அரளி ஒன்றும் செவ்வரளி ஒன்றும் தன் கையால் பறித்து, தனித்தனியாக இலையில் மடித்துக் கொடுக்கவேண்டும். பூசாரி இரண்டு பொட்டலத்தையும் கலைத்து மாரியம்மன் காலடியில் வைப்பார். அதில் ஒன்றை எடுக்கவேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் கூடாது. மற்றதைப் பிரிக்காமல் கிணற்றில் போட்டுவிடுவார்கள்.

மறுநாள் காலையில் அவரே தடவித் தடவிப் போய்ப் பறித்து மடித்துக் கொண்டுவந்தார். எடுத்தது அந்த அம்மா. வெள்ளை வந்தது. அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வண்டி பூட்டப் போனார். அதற்குமேல் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. சாமி சொன்ன பிறகு என்ன இருக்கிறது?

எனக்குத்தான் இருந்தது. கிணற்றில் போடுகிறேன் என்று மீதிப் பொட்டலத்தைப் பூசாரியிடம் நானே கேட்டு வாங்கி, கிணற்று மேட்டில் நின்று பிரித்தேன். அதற்குள்ளும் வெள்ளை.

அந்த அம்மா தானே மாட்டுவண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார், புருசன் பின்னால் வைக்கோல்மேல் உட்கார்ந்திருந்தார். எங்கள்மேல் அப்போதும் முழு நம்பிக்கை வரவில்லை. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி முன்னால் போகச் சொல்லிவிட்டார். நாமக்கல்வரை மூன்று சைக்கிளும் மாட்டு நடைக்கு ஊர்ந்தன. அந்த வேகத்தில் சைக்கிளை விழாமல் ஓட்டுவது பெரிய வித்தை. நான் வாத்தியார் பக்கத்தில் ஒட்டிப் போய்க் கேட்டேன்.

"ரெண்டு பூவும் வெள்ளை. எப்ப மாத்துன?"

அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் கோயில் பக்கமே போகல. உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"எங்கூடத்தான்பா நின்னாரு," என்றார் பாய். "வெளிய ரெண்டு பேரும் பீடி குடிச்சிட்டு இருந்தோம்."

அப்படியானால் பாயும் கூட்டா என்று தோன்றியது. அன்றைக்கு நான் இருந்த நிலையில் மாட்டைக்கூட நம்பியிருக்கமாட்டேன். சந்தேகப்பட்டது தப்பு என்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன், காலம் அப்படி இருந்தது.

பள்ளிக்கூடம் ஒன்றில் முகாம் நடந்தது. பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுக்கை ஆக்கியிருந்தார்கள். உள்ளே கூட்டிப்போவதற்கு முன்னால் அந்த அம்மா புருசனின் வேட்டிமேல் ஒரு கயிற்றைச் சுற்றி, இடுப்பில் ஒரு முடிச்சு மேல் இன்னொரு முடிச்சாக இறுக்கிப் போட்டார். பிறகு வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டார். சோறு வேண்டாம் என்றார், தண்ணியும் வேண்டாம் என்றார். நானும் தூணோரமாக நின்றேன். அவரை வெளியே கொண்டுவந்தபோது கண்ணில் பெரிய கட்டு. அந்த அம்மா கட்டைப் பார்க்கவே இல்லை. குனிந்து இடுப்பைப் பார்த்தார். முடிச்சு போட்டது போட்டபடி இருந்தது. அப்போதுதான் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதார். எனக்கு வாத்தியார்மேல் இருந்த சந்தேகமும் அங்கே பாதி விழுந்தது.

மீதிப் பாதி சாயங்காலம் விழுந்தது. அந்த அம்மா மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருந்தார். புருசன் தலையை அசைக்காமல், இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து மல்லாந்து கிடந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, மனசு கேட்காமல், பூ இரண்டும் வெள்ளை என்பதைச் சொல்லிவிட்டேன். யார் மாற்றினார்கள் என்று தெரியவில்லை என்றேன்.

"நாந்தானுங்க," என்றார்.

எனக்குப் புரியவில்லை. கண் தெரியாமல் எப்படி என்று கேட்டேன்.

"எந்தச் செடி எங்க நிக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்களா? தண்ணி ஊத்தி வளத்துனதே நாந்தானுங்க." மணல் மூட்டையைத் தடவிக்கொண்டே பேசினார். "அவ ஒருத்தியா உழுது, தண்ணி கட்டி, வந்து எனக்குச் சோத்தையும் பெசஞ்சு கையில குடுக்கறா. எத்தன நாளைக்குங்க பாத்துட்டிருக்கறது? பூவு செவப்பா வந்துட்டா அப்பறம் ஆரு சொன்னாலும் உடமாட்டா. அதான்."

"அந்த அம்மா பயந்தமாதிரி ஏதாச்சும் பண்ணியிருந்தா?"

"பண்ணுவீங்கன்னு தெரிஞ்சுதானுங்க வந்தேன்."

அவர் குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்.

"முடிச்ச அவுக்காம, கண்ணுக்குப் போட்ட அந்த ஊசியிலயே பண்ணிப்போட்டாங்களாங்க?"

"சத்தியமா இல்லீங்க. கண்ணு மட்டுந்தாங்க," என்றேன்.

கட்டுக்குக் கீழே அவர் உதடு லேசாகச் சிரித்தது. என்னைப் போல எதையும் நம்பாத ஒருவன் அடுத்தவனைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு அது.

"நீங்க அப்பிடித்தானுங்க சொல்லோணும். போச்சாதுங்க, இருக்கட்டும். அவகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க. அமாவாசைக்கு அமாவாசை கோயலுக்குப் போயி வேண்டிக்கிட்டிருக்கறா. அவ பாட்டுக்குப் போயிட்டிருக்கட்டும்."