நான் பார்க்காத படகுக் காட்சி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. மறதியும் அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதோ எழுபத்தொன்றோ, நான் காஞ்சிபுரத்துக்கு மருமகளாக வந்த புதிது. மாமியார் கால் முறிந்து படுத்திருந்தார். சினிமாவுக்குப் போக முடியாத அம்மாவுக்காக என் வீட்டுக்காரர் ஒரு இசைத்தட்டு வாங்கிவந்தார். ஓர் இசையமைப்பாளர் தம் பழைய படங்களின் பின்னணி இசையைப் பெரிய வாத்தியக்குழுவை வைத்து வாசித்திருந்தார். பாட்டு, பேச்சு ஒன்றும் கிடையாது.

"இது இன்னா சீன்மா?" என்று மாமியார் கேட்டார்.

நான் அந்தப் படங்களைப் பார்த்ததே இல்லை. அதைச் சொல்லக் கூச்சப்பட்டு, ராட்டையில் பட்டுநூல் சுற்றிக்கொண்டே, "புதுப் பொண்ணும் மாப்பிள்ளையும் படகுல போறாங்க அத்தே" என்றேன். தினமும் கேட்டார். நானும் கதையை வளர்த்துக்கொண்டே போனேன்.

ஒருநாள் ஐயம்பேட்டையிலிருந்து மாமியாரின் தங்கை வந்தார். ஒரு படம் விடாதவர். "இன்னாடி கதை வுடற? இது ஹீரோ செத்துப்போற சீனாச்சே" என்றார். நான் ராட்டையை வேகமாகச் சுற்றிவிட, இழை அறுந்தது.

"எனுக்குத் தெரியாதா? நானே ரெண்டு தபா பாத்த படம். நீ சும்மா இரு" என்று தங்கையை அடக்கிவிட்டு, மாமியார் என்னிடம் திரும்பினார். "நீ சொல்லும்மா, படகு கரை சேந்துச்சா?"

சேர்ந்துவிட்டது என்றேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் வாய் திறக்க எனக்குக் கூச்சமே வந்ததில்லை.

படத்தின் பெயர் மறந்துவிட்டது. தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்து, அந்த ஹீரோ நிஜமாகவே செத்தானா என்று எழுதுங்கள்.