சிலுவைக்குத் தரை ஆடியது

தூத்துக்குடி சின்னக்கோயில் பக்கம் குடியிருந்த சிலுவை சரக்குக் கப்பலில் மாலுமி. எந்தக் காற்றிலும் கால் தடுமாறாதவன் என்று கப்பலில் அவனுக்குப் பெயர். ஆனால் அவனுக்கு அடிபட்டது கடலில் இல்லை. எழுபத்தைந்தாம் வருஷத் தொடக்கத்தில், நார்வே நாட்டில், பனிமேட்டில்.

சரக்கு இறக்க இடம் கிடைக்காமல் கப்பல் அங்கே ஒரு துறைமுகத்தில் காத்துக் கிடந்தது. ஊருக்குப் பின்னாலிருந்த மேட்டில் அந்த ஊர்ப் பிள்ளைகள் பலகை வண்டியில் உட்கார்ந்து பனியில் சறுக்கி விளையாடுவார்கள். ஓய்வு நாளில் கப்பல்காரர்களும் போனார்கள். மேடு ஏறியது சிலுவைக்கு நினைவிருக்கிறது. மூச்சு புகையாக வந்ததும் நினைவிருக்கிறது. அடுத்து நினைவில் இருப்பது ஆஸ்பத்திரிக் கட்டிலும், புரியாத பாஷையில் ஏதோ கேட்ட நர்சும்தான். இடையில் நடந்தது எதுவும் அவனிடம் இல்லை.

வண்டி ஒரு கம்பத்தில் மோதியது என்று சொன்னார்கள். மண்டை உடையவில்லை, எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரியவில்லை. மூளை குலுங்கியிருக்கிறது, ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்று கம்பெனி அவனை ஊருக்கு அனுப்பியது.

வந்தவனைப் பார்த்து மனைவி பிலோமினாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. உடம்பில் ஒரு தழும்புகூட இல்லை. ஆனால் புரண்டு படுத்தால் கட்டிலை இறுகப் பிடித்துக்கொள்கிறான். யாராவது கூப்பிட்டுத் திரும்பினால் சுவரில் சாய்கிறான். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, தான் சாப்பிட்டாயிற்றா என்று அவளையே கேட்கிறான். வருஷந்தோறும் பனிமய மாதா சப்பரத்தின் பின்னால் ஜெபமாலை சொல்லி நடக்கிறவள் அவள். மாதாவின் ஊர்க்காரனுக்குப் பனியிலேயே அடிபட்டதற்கு என்ன அர்த்தம் என்று பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டாள். அவர் சிலுவைக்காகப் பூசை வைக்கிறேன் என்றார்.

டவுனில் ஒரு டாக்டர் இருட்டறையில் அசையாமல் படுக்கச் சொன்னார். சிலுவை மழைக்காலம் வரும்வரை படுத்தே கிடந்தான். எழுந்தபோது தரை முன்னைவிட அதிகமாக ஆடியது.

மதுவிலக்கு மறுபடி வந்திருந்த சமயம் அது. கடைத்தெருவில் அவன் தள்ளாடி நடப்பதைப் பார்த்து ஒரு போலீஸ்காரர் மறித்தார்.

"ஏலே, ஊது."

சிலுவை ஊதினான். போலீஸ்காரர் மூக்கைச் சுளித்து, மறுபடி ஊதச் சொன்னார். வாடையே இல்லை.

"குடிக்கல ஐயா. தரை ஆடுது."

அவர் குனிந்து தரையைப் பார்த்தார். பிறகு அவரே ஒரு ரிக்‌ஷாவைக் கூப்பிட்டு ஏற்றிவிட்டார்.

இதைக் கேள்விப்பட்டு அழுத பிலோமினா, மறுநாள் அவனை பஸ்ஸில் ஏற்றி நாசரேத் ஊர் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அங்கிருந்த டாக்டர் தேவதாசன் மருந்து எதுவும் எழுதவில்லை. வேலூரில் பிசியோதெரபி படித்துவிட்டு வந்திருந்த ஜெபசெல்வியிடம் அனுப்பினார். பக்கவாதக்காரர்களையும் கால் ஒடிந்தவர்களையும் நடக்கப் பழக்குவது அவள் வேலை.

அவள் சிலுவையை நாற்காலியில் உட்காரவைத்தாள். கட்டைவிரலை நீட்டி, அதிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை இடமும் வலமும் ஆட்டச் சொன்னாள். அறை சுழன்றது. சிலுவை வாந்தி எடுத்தான். வாயைத் துடைத்துக்கொள்ளத் துண்டு கொடுத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் ஆட்டுங்கள் என்றாள்.

"கிறுகிறுப்புப் போகணும்னு வந்தா, நீங்களே கிறுகிறுப்ப வரவைக்கியளே, சிஸ்டர்."

"காதுக்குள்ள கொத்தனார் ரசமட்டம் மாதிரி ஒண்ணு இருக்கு, அண்ணே. அது குலுங்கிட்டு. கண்ணு ஒண்ணு சொல்லுது, காது வேற ஒண்ணு சொல்லுது. எத நம்பன்னு மூளைக்குத் தெரியல. படுத்தே கெடந்தா அது எப்பப் பழகும்? ஆட்டி ஆட்டித்தான் பழக்கணும்."

சிலுவைக்குப் பாதி புரிந்தது. வேறு வழியில்லாததால் செய்தான். கண்ணை மூடிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான். குதிகாலும் விரலும் தொடும்படி கோட்டின்மேல் நடந்தான். வீட்டில் பிலோமினா ரப்பர் பந்தைத் தலைக்குமேல் எறிவாள். அவன் அண்ணாந்து பிடிக்க வேண்டும். முதலில் பந்து ஒன்றாகப் போய் இரண்டாக வந்தது. வளர்ந்த ஆளும் பெண்டாட்டியும் பந்து விளையாடுவதைத் தெரு நின்று பார்த்தது. பிலோமினா வெட்கப்பட்டுக்கொண்டே எறிந்தாள்.

ஒருநாள் தருவைகுளம் கடற்கரையில் மைத்துனனின் வள்ளத்தில் ஏறினான். வள்ளம் அலையில் எழுந்து விழுந்தது. அவனுக்குத் தலை சுற்றவில்லை. கரையில் கால் வைத்ததும் மறுபடி சுற்றியது. இது எப்படி என்று ஜெபசெல்வியிடம் கேட்டான். அவள் தேவதாசனிடம் கேட்டாள். அவர் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பயிற்சியை விடவேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

எந்த நாளில் சரியானது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஒரு காலையில் பிலோமினா அடுக்களையிலிருந்து கூப்பிட, அவன் சட்டென்று திரும்பினான். சுவரைப் பிடிக்கவில்லை. அதை அவள்தான் கவனித்தாள். அவன் எதற்குக் கூப்பிட்டாய் என்று கேட்டபோது, அவளுக்கு அது மறந்துபோயிருந்தது.

கப்பல் கம்பெனி அவனைத் திரும்ப எடுக்கவில்லை. புதுத் துறைமுகத்தில், கிரேன்காரருக்குக் கீழே நின்று கைச்சாடை காட்டும் வேலை கிடைத்தது. நாள் முழுக்க அண்ணாந்தும் குனிந்தும் செய்கிற வேலை. சமாளித்தான். அலுப்பு மிகுந்த நாட்களில் மட்டும், தலையைத் திருப்பினால் பார்க்கிற பொருள் சற்றுத் தாமதமாக வந்து நின்றது.

எழுபத்தெட்டில், அன்று பனிமேட்டில் கூட இருந்த கப்பல்காரன் ரோச் விடுமுறையில் வந்து அவனைப் பார்த்தான். கூட இருந்தவர்கள் தன்னை வம்படியாக வண்டியில் ஏற்றியிருப்பார்கள் என்றே சிலுவை அதுவரை நினைத்திருந்தான். ரோச் சிரித்தான்.

"நீதாம்ல மொதல்ல ஏறுன. வேண்டாம் வேண்டாம்னோம், கேக்கல. சின்னப் பய மாதிரி கூவிக்கிட்டே போன."

ரோச்சை வழியனுப்பிவிட்டுச் சிலுவை வீட்டுக்குள் வந்தான். தெருவில் யாராவது உரக்கச் சிரித்தால்கூடக் கூச்சப்படுகிற ஆள் அவன்.

"நான் அப்படிப்பட்டவனா?" என்று மனைவியிடம் கேட்டான்.

பிலோமினா அவன் முகத்தைப் பார்த்தாள். "எனக்கும் தெரியல" என்றாள். "நான் பாத்ததில்லையே."