ரோடா மாத்தி

ரப்பர் விலை விழுந்து தோட்டங்களில் பாதிப் பேரை நிறுத்திவிட்ட காலத்தில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு பலகைக் கிட்டங்கியில் நான் பலகை தூக்கிக்கொண்டிருந்தேன். ஒரு பலகைக்கு இரண்டு பேர். ஒரு முனையில் நான், மறு முனையில் என் கூட்டாளி. அவன் வேதக்காரன், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை தொங்கும். என்னைவிட ஒரு தலை உயரம். அதனால் பலகையின் பாரம் எப்போதும் என் பக்கமே சரியும். இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு வேலை போனால் இன்னொரு வேலை கிடையாது. வேலையில்லாதவர்களை முகாமில் சேர்த்து வைத்து, கப்பல் வந்ததும் இந்தியாவுக்கு ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். டிக்கெட் இலவசம். சிலர் சந்தோஷமாகவே போனார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மதுரையில் ஒரு அச்சுக்கூடம், ரங்கூனில் ஒரு சாப்பாட்டுக் கடை, பிறகு இந்த மலாய்த் தேசத்தில் காப்பார் பக்கம் ஒரு தோட்டம் என்று அலைந்தாயிற்று. எல்லா இடத்துக்கும் நானாகப் போனேன், நானாகவே கிளம்பினேன். யாரோ தலையை எண்ணி அனுப்பி வைத்து ஓர் இடத்துக்குப் போனது மட்டும் இல்லை. அது நடக்காமல் இருந்தால் நல்லது என்று நினைத்தேன்.

பிரிக்பீல்ட்ஸில் தங்க இடம் அகப்படவில்லை. சுங்கை வேயில் ஒரு தோட்டத்து லயத்தில், கூலிகளுக்குக் கட்டிய வரிசை வீடுகளில், நிறுத்தப்பட்டவர்கள் காலி செய்த ஓர் அறையில் படுத்துக்கொண்டேன். வாடகை கேட்க ஆளில்லை. அங்கிருந்து வேலைக்கு வருவதுதான் பிரச்சினை. அப்போதெல்லாம் கிள்ளான் ரோட்டில் சின்னச் சின்ன பஸ்கள் ஓடும். இருக்கை நிறையாமல் கிளம்பாது. காலையில் நானும் வேலைக்குப் போகிற இன்னும் இரண்டு பேரும் ஏறி உட்கார்ந்து, மற்றவர்கள் எப்போது எழுந்து குளித்துவிட்டு வருவார்கள் என்று காத்திருப்போம். கிட்டங்கியில் சங்கு ஊதியதும் கதவைச் சாத்திவிடுவார்கள். வெளியே நிற்பவனுக்கு அன்றைக்கு வேலை இல்லை.

கதவைச் சாத்துகிறவர் கிட்டங்கியில் கணக்கு எழுதும் கிராணியார். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கோட்டுப் பொத்தானை ஒன்றுவிடாமல் போட்டிருப்பார். நான் மூன்றாவது தடவையாகப் பிந்தி வந்த அன்று, கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு கேட்டார்.

"என்ன காணும், பஸ் இண்டைக்கும் உம்மை விட்டிட்டுப் போயிட்டுதோ?"

"பஸ் போகலீங்க ஐயா. ஆள் சேரட்டும்னு நின்னுகிட்டே இருந்துச்சு."

"அப்ப நீரும் அதுக்குள்ளேயே இருந்திருக்கலாமே. இனி ஒருக்காப் பிந்தினால் இஞ்சை வரவேண்டாம். நேரே முகாமுக்குப் போம்."

மறுநாள் பலகையின் மறுமுனையிலிருந்து கூட்டாளி சொன்னான்.

"பழைய சைக்கிள் ஒண்ணு வாங்கு மாப்ளே. ஓட்டத் தெரியுமில்ல?"

"ரங்கூன்ல ஓட்டியிருக்கேன்."

"யாரு வண்டி?"

"முதலாளி வண்டி."

"அவருக்குத் தெரியுமா?"

"பொறவு தெரிஞ்சுது."

ஞாயிற்றுக்கிழமை அவன் கோயில் பூசைக்குப் போய்விட்டான். நான் மட்டும் சைக்கிள் கடைக்குப் போனேன். அவன் கூட வந்திருந்தால் இதை எழுதும்படி எதுவும் நடந்திருக்காது. அவன் இங்கேயே பிறந்தவன் மாதிரி மலாய் பேசுவான். எனக்குத் தெரிந்த மலாய், காப்பாரில் கற்றது. அங்கே கங்காணி முதல் கடைக்காரர் வரைக்கும் தமிழர்கள். அரிசி, மீன், விலை கேட்பது, இவ்வளவுக்குத்தான் அந்த மொழி எனக்குப் பழக்கம்.

கடைக்காரர் வயதான சீனர். எல்லோரும் தவுக்கே என்று கூப்பிடுவார்கள். தமிழ் ஆட்களோடு வியாபாரம் செய்து அவரிடம் சில தமிழ் வார்த்தைகளும் ஒட்டியிருந்தன. வா என்பார், காசு என்பார், நாளைக்கு என்றால் தலையை ஆட்டுவார். பிற்பாடு நடந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கடையில் நல்ல வண்டிகள் வரிசையாக நின்றன. அவற்றின் விலையைக் கேட்டதும் அவற்றைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். மூலையில் ஒரு கறுப்பு வண்டி சாத்தியிருந்தது. மணி இல்லை, மட்கார்டு இல்லை, பின்னால் கேரியர் இல்லை. ஆனால் சக்கரம் இரண்டும் நேராக இருந்தன, டயர் பரவாயில்லை. தவுக்கே அதைத் தூக்கி வந்து என் முன்னால் நிறுத்தினார்.

"மூரா," என்றார். பிறகு பின்சக்கரத்தைத் தட்டிக் காட்டி, "ரோடா மாத்தி" என்றார்.

மூரா என்றால் மலிவு. ரோடா என்றால் சக்கரம். இரண்டும் எனக்குத் தெரியும். மூன்றாவது வார்த்தை தமிழ் என்று நினைத்தேன். சக்கரத்தை மாத்தி வைத்திருக்கிறார். பழைய வண்டிக்குப் புதுச் சக்கரம். இந்த விலைக்கு இது பெரிய காரியம்.

"மாத்தியாச்சா?" என்று கேட்டேன்.

"மாத்தி, மாத்தி," என்று அவர் பலமாகத் தலையாட்டினார். ஒளிக்காமல் சொல்லிவிட்ட திருப்தி அவர் முகத்தில் இருந்தது. அதை நான் தொழில் பெருமை என்று எடுத்துக்கொண்டேன்.

"பிரேக் எங்கே?"

அவர் குனிந்து என் முழங்காலைத் தொட்டு, "காக்கி" என்றார். நான் போட்டிருந்தது காக்கி அரைக்கால் சட்டை. ஆமாம் என்றேன். சம்பந்தமில்லாமல் பேசுகிறாரே என்று தோன்றியது, ஆனால் வயதானவர். இருந்ததைக் கொடுத்து வண்டியை வாங்கினேன். மற்ற வண்டிகளின் விலையில் பாதிகூட இல்லை.

சமதரையில் வண்டி அருமையாக ஓடியது. கால் எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகம். கிள்ளான் ரோட்டில் ஒரு மேட்டில் ஏறி, அந்தப் பக்கம் இறக்கம் வந்ததும், ரங்கூன் பழக்கத்தில் மிதிப்பதை நிறுத்திக் காலை ஓய்வாக வைத்தேன். கால் ஓய்வெடுத்தது. பெடல் ஓய்வெடுக்கவில்லை. அது சுற்றிவந்து என் காலைத் தூக்கியது, காலோடு என்னையும் தூக்கியது. நான் ஆசனத்தைவிட்டு எழுந்து, சாலையோரத்து லாலான் புல்லுக்குள் போய் உட்கார்ந்தேன். வண்டி இன்னும் கொஞ்ச தூரம் தனியாகப் போய் விழுந்தது. விழுந்த பிறகும் பெடல் சுற்றிக்கொண்டிருந்தது.

முழங்கையில் தோல் இல்லை. வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. தள்ளிக்கொண்டே கடைக்குத் திரும்பினேன். எனக்குத் தெரிந்த மலாயில், அரிசி, மீன் நீங்கலாக மிச்சமிருந்ததைக் கொண்டு, சக்கரம் கெட்டுப்போயிருக்கிறது என்று சொன்னேன். தவுக்கே கெடவில்லை என்றார். மாத்தி என்று சொன்னீர்களே என்றேன். ஆமாம், மாத்தி என்றார். இருவரும் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தோம். பக்கத்துக் காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்த ஒரு தமிழ் மாட்டுவண்டிக்காரர் பொறுக்க முடியாமல் எழுந்து வந்தார்.

"என்ன தம்பி சண்டை?"

"சக்கரத்தை மாத்தியாச்சுன்னு சொல்லி வித்தாருண்ணே. மாத்தவே இல்ல."

"மாத்தின்னா சொன்னான்?"

"ஆமா."

"அடப்பாவி, மாத்தின்னா மலாய்ல செத்துப்போச்சுன்னு அர்த்தம்லா."

"யாரு செத்தது?"

"சக்கரம்."

நான் சக்கரத்தைப் பார்த்தேன். "செத்த சக்கரம் எப்படிண்ணே ஓடுது?"

"செத்ததாலதான் உன் காலோட ஓடுது. நீ மிதிச்சா அது சுத்தும். அது சுத்துனா நீ மிதிச்சே ஆகணும். மத்த வண்டியில சக்கரத்துக்கு உசிரு உண்டு, நீ சும்மா இருந்தாலும் தானாப் போகும். இதுல நீயும் சும்மா இருக்க முடியாது, அதுவும் சும்மா இருக்காது."

"நிறுத்துறது எப்படி?"

"காலாலேயே பின்னுக்கு அழுத்திப் பிடிக்கணும். காலுதான் பிரேக்கு. அவன் சொல்லலியா?"

"காக்கின்னாரு."

"காக்கின்னா காலு."

நான் என் அரைக்கால் சட்டையைப் பார்த்தேன். வண்டிக்காரர் தவுக்கேயிடம் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். தவுக்கே உள்ளே போய் ஒரு கிளாஸ் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். ஏமாற்றியவர் முகம் அல்ல அது. எல்லாவற்றையும் சொல்லித்தான் விற்றிருக்கிறார். உயிருள்ள சக்கரம் போட்டுத்தர அவர் கேட்ட விலை என்னிடம் இல்லை. தேநீரைக் குடித்துவிட்டு அதே வண்டியோடு கிளம்பினேன்.

மறுநாள் காலை விடியுமுன் புறப்பட்டேன். ஏற்றத்தில் ஏறி மிதித்தேன், இறக்கம் வந்தால் இறங்கித் தள்ளினேன். ரோட்டுக்குக் கல் போட்டுக்கொண்டிருந்த நம்மவர்கள் சிலர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"ஏண்டா, இவன் தலைகீழா ஓட்டுறான் பாரு."

"வேண்டுதலா இருக்கும். பத்துமலைக்குப் போறானோ என்னமோ."

"பத்துமலை அந்தப் பக்கம் இருக்கு தம்பி."

இப்படி இறங்கி இறங்கித் தள்ளியதில் நேரம் போய்விட்டது. கடைசி இறக்கத்துக்கு வந்தபோது கிட்டங்கியின் கூரை தெரிந்தது. வாசலில் ஆட்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். தள்ளிக்கொண்டு போனால் கதவு சாத்திவிடும். கதவு சாத்தினால் முகாம், முகாமிலிருந்து கப்பல். ஏறி உட்கார்ந்தேன்.

காலைப் பின்னுக்கு அழுத்திப் பிடித்தேன். கொஞ்ச தூரம் என் கால் சொன்னதை வண்டி கேட்டது. அதற்கப்புறம் வண்டி சொன்னதைக் கால் கேட்டது. கிராணியார் கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றவர், கையை எடுத்துவிட்டு ஒதுங்கினார். அவர் ஒதுங்கிய இடத்தின் வழியாக நான் உள்ளே போனேன். உள்ளேயும் வண்டி நிற்கவில்லை. பலகை அடுக்கைச் சுற்றி வந்தேன். இரண்டாம் முறை சுற்றும்போது சங்கு ஊதியது.

"இறங்கும் காணும்!"

"இறங்க முடியலீங்க ஐயா."

"ஏன்?"

"கால் இன்னும் முடிக்கலீங்க."

வேகம் தானாகக் குறைந்த பிறகு மரத்தூள் குவியலில் சாய்ந்து இறங்கினேன். கிராணியார் என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார்.

"சங்கு ஊதேக்கை உள்ளுக்குத்தான் நிண்டீர்."

"ஆமாங்க."

"நிண்டீர் எண்டு சொல்ல ஏலாது. உள்ளுக்கு இருந்தீர். சரி, போய்ப் பலகையைத் தூக்கும்."

அதன் பிறகு நான் பிந்தியதில்லை. சில வாரங்களில் இறக்கமும் பழகிவிட்டது. முழங்கால் மட்டும் ராத்திரியில் தானாக ஆடும். ஆனால் வேலை போவதற்குப் பிந்தி வரவேண்டிய அவசியமே இல்லாத காலம் அது. ஒரு சாயங்காலம் கிராணியார் எங்களை முற்றத்தில் நிற்க வைத்து, பலகை வாங்க ஆள் இல்லை, நாளையிலிருந்து பாதிப் பேர் போதும் என்றார். சொல்லிவிட்டு ஒவ்வொருவராகக் கையைக் காட்டினார். கை காட்டப்பட்டவன் போகவேண்டும். என் கூட்டாளியைக் காட்டினார். அடுத்து என்னிடம் வந்த கை பாதியில் நின்றது.

"உந்தச் சைக்கிள் உம்முடையதுதானே?"

"ஆமாங்க ஐயா."

"கிள்ளான் மட்டும் ஓடுமோ? அங்கத்தைக் கடையளுக்குக் கணக்குச் சீட்டுக் கொண்டுபோக ஒராள் வேணும். முதலாளிமார் ரயில் காசு தரமாட்டினமாம்."

"ஓடும்ங்க. நிக்கிறதுதான் கஷ்டம்."

"நிக்கச் சொல்லி நான் கேட்கேல்லை."

கை அடுத்த ஆளுக்குப் போனது. கூட்டாளி ஒருநாள்கூடப் பிந்தி வந்தவன் இல்லை. கிட்டங்கிக்குப் பின்னாலேயே அவன் அறை. முற்றத்தில் போட்டிருந்த பலகைகளை அடுக்கி முடித்துவிட்டுப் போகச் சொன்னார்கள். நாங்கள் இருவரும் தூக்கினோம். அன்றைக்கு அவன் தோளைத் தாழ்த்திப் பிடித்தான். பாரம் இரண்டு பக்கமும் சமமாக இருந்தது.

"சைக்கிள் வாங்குன்னு உனக்கு யோசனை சொன்னது யாரு மாப்ளே?" என்றான்.

"நீதான்."

"நல்ல யோசனை."

"ஆமா."

"எனக்கும் யாராவது சொல்லியிருக்கலாம்."

எனக்கும் அது தோன்றியதில்லை. கைகழுவிக்கொண்டு அவன் தன் அறைக்குப் போனான். நாலைந்து நாள் வேறு இடங்களில் வேலை கேட்டுப் பார்த்தான். பிறகு முகாமுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

மறுநாள் காலை கிராணியார் சீட்டுகளை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஏறினேன். கிள்ளான் வரைக்கும் கால் ஓரிடத்திலும் ஓய்வெடுக்க முடியாது என்பதை அதற்குள் ஒரு குறையாக நினைப்பதை விட்டிருந்தேன். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கவேண்டுமானால் நிறுத்தவேண்டும், அதனால் ஒதுங்கவில்லை. கிள்ளானில் முதல் கடைக்காரர் சீட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, நனையவில்லையே என்றார். நனையவில்லை என்றேன். இன்னொரு கடைக்கு எந்த வழி என்று கேட்டுக்கொண்டு கிளம்பினேன்.